தட்டு மாற்றி நிறுத்தல்

வைகையில் மணல் மட்டுமே கிடக்கும் கோடைக் காலத்திலும் மதுரை மாநகரின் மீது ஓயாது பெய்துகொண்டிருக்கும் மழை ஒன்று உண்டு. காஜிமார் தெருவின் கூரைகளையும் கோரிப்பாளையத்து மாடிகளையும் அது துளைத்துக்கொண்டு இறங்குகிறது. குடை அதனைத் தடுப்பதில்லை. அதில் எவரும் நனைவதும் இல்லை. உள்ளங்கையை வானை நோக்கி விரித்து வைப்போமாயின், வினாடிக்கு ஒன்றேனும் அதனூடே பாய்ந்து சென்றுவிடும். மியூவான் என்னும் நுண்துகள்களின் பொழிவு அது.

விண்வெளியின் ஆழத்திலிருந்து வரும் புரோட்டான்கள் நம் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது பையான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. பிறந்த கணத்திலேயே அவை சிதைந்து மியூவானை ஈன்றுவிட்டு மறைகின்றன. மியூவானின் ஆயுளோ ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அவ்வளவு காலத்தில் ஒளியே ஏறத்தாழ 660 மீட்டர்தான் கடக்க முடியும். ஆயினும் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான் நம் முற்றத்தை வந்தடைகிறது. மிகு வேகத்தில் செல்லும் பொருளுக்குக் காலம் மெதுவாக நடக்கும் என்று ஐன்ஸ்டீன் கூறியதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

இந்த மழையை எண்ணுவதற்கென்றே மதுரையில் ஒரு கருவி அமைக்கப்பட்டது என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்பில் இந்நகரில் ஏற்படுத்தப்பட்ட உயராற்றல் இயற்பியல் மையத்தில், 85 டன் எடையுள்ள ஒரு காந்தம் 2018ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட பதினொரு அடுக்கு இரும்பு. அடுக்குகளின் இடைவெளிகளில் கண்ணாடித் தகடுகளால் ஆன உணர்கருவிகள். மியூவான் ஒன்று ஊடுருவிச் செல்லும்போது காந்தப் புலத்தில் அதன் பாதை வளைகிறது. எப்பக்கம் வளைகிறது என்பதிலிருந்து அது நேர்மின்னா எதிர்மின்னா என்று தெரிகிறது. போடி மலையில் அமைவதாக இருந்த ஐம்பதாயிரம் டன் கருவிக்கு இது ஒரு சிறு முன்மாதிரி. போடியின் கதைக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன் இந்த மியூவான் என்பது யார் என்று கேட்டாக வேண்டும்.

கேட்டவர்கள் அனைவரும் திகைத்த கேள்வி அது. 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் அதனைக் கண்டபோது, அத்துகளுக்கு இவ்வுலகில் யாதொரு வேலையும் இருப்பதாகத் தோன்றவில்லை. அணுவைக் கட்ட எலெக்ட்ரான் போதும். மியூவானோ எல்லா வகையிலும் எலெக்ட்ரானைப் போன்றதே; அதே மின்னூட்டம், அதே சுழற்சி. எடை மட்டும் 207 மடங்கு. வேண்டுதலின்றி வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல அறிஞர்கள் அதனைப் பார்த்தனர். 1975ஆம் ஆண்டில் மார்ட்டின் பெர்ல் குழுவினர் மூன்றாவது உடன்பிறப்பையும் கண்டனர். டௌ என்று பெயரிடப்பட்ட அதன் எடை எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 3,477 மடங்கு. இம்மூன்றுக்கும் லெப்டான் என்பது குடும்பப் பெயர். ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு நியூட்ரினோ உண்டு.

ஒரே குடும்பத்தில் பிறந்த மூவரில் ஒருவர் மெலிந்தவர், ஒருவர் பருத்தவர், ஒருவர் மிகப் பருத்தவர். இயற்கை இம்மூவரையும் ஒரே கண்ணால் பார்க்கிறதா? துகள்களைச் சிதைக்கும் மெல்விசை இம்மூன்றையும் ஒரே வலிமையோடுதான் தொடுகிறதா? ஆம், தொடுகிறது என்பதே இன்றைய கோட்பாடு. எடையால் விளையும் வேறுபாட்டைக் கழித்துவிட்டால் மூவருக்கும் ஒரே பங்கு. லெப்டான் பொதுமை என்று இதனைக் கூறுவர். மியூவானை அணுக்கரு கவரும் வலிமையும் எலெக்ட்ரானைக் கவரும் வலிமையும் ஒன்றாக இருப்பதைக் கண்டு 1947இலேயே புரூனோ பொன்டெகோர்வோ இதனை ஊகித்திருந்தார். பின்னர் கிளாஷோ, வைன்பெர்க், அப்துஸ் சலாம் ஆகிய மூவரும் மின்காந்த விசையையும் மெல்விசையையும் ஒரே விசையின் இரு முகங்களாகக் காட்டியபோது, பொதுமை அக்கட்டடத்தின் அடித்தளக் கற்களில் ஒன்றாகிவிட்டது. அதற்காக 1979இல் அம்மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அப்துஸ் சலாமின் பெயரைச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது நன்று. அவர் சார்ந்திருந்த கூட்டத்தாரின் கொள்கை பற்றி நம் வாசகர்களிடையே உள்ள கருத்து யாவரும் அறிந்ததே. அது மார்க்க அறிஞர்கள் பேச வேண்டிய பொருள். நாம் அதனைத் தொடவில்லை. அவர் எழுதிய கணக்கு சரியா பிழையா என்பது மட்டுமே இங்கு வினா. எனினும் நோபல் பரிசு விழா விருந்தில் அவர் திருமறையின் 67ஆவது அத்தியாயமான அல்முல்க்கின் தொடக்க வசனங்களை எடுத்துரைத்தார் என்பதை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. படைப்பில் விரிசல் தென்படுகிறதா என்று வினவி, பார்வையை மீண்டும் மீண்டும் திருப்பச் சொல்லும் வசனங்கள் அவை.

அந்த வசனங்களை மேற்கோள் காட்டும் நம்மவர் பலரும் 'குறை இல்லை' என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். 'மறுபடியும் பார்' என்ற இடத்திற்கு வருவதில்லை. புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட மறு மாதமே, இது எங்களிடம் முன்பே இருந்தது என்று கட்டுரை எழுதும் வழக்கம் நம் ஏடுகளில் நெடுங்காலமாக உண்டு. நண்பர் ஒருவர், மார்க்கக் கல்வியும் கல்லூரிக் கல்வியும் பெற்றவர், லெப்டான் பொதுமை என்பது ஏகத்துவத்தின் அறிவியல் சான்று என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, நாளைக்கே அப்பொதுமையில் விரிசல் காணப்படுமாயின் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "அப்படி நடக்காது" என்றார். நமக்கு இதில் உடன்பாடில்லை. ஆய்வுக்கூடத்தின் ஓர் எண்ணிக்கையில் ஈமானைக் கட்டி வைப்பவர், அந்த எண் மாறும்போது எதை அவிழ்ப்பார்?

அது கற்பனைக் கேள்வி அன்று. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் உள்ள எல்.எச்.சி.பி. குழுவினர் அப்படியொரு செய்தியை வெளியிட்டனர். பி மேசான் என்னும் கனத்த துகள் சிதைவதில், எலெக்ட்ரான் இணை நூறு முறை தோன்றும்போது மியூவான் இணையும் ஏறத்தாழ நூறு முறை தோன்ற வேண்டும், தோன்றியதோ எண்பத்தைந்து. தற்செயலாக அப்படி நிகழ்வதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்றனர். கல்லூரியில் இயற்பியல் பயிலும் நம் தங்கை மகன் ஓடிவந்து, "மாமா, சலாமின் கோட்பாடு உடைந்துவிட்டது" என்றான். முகத்தில் அத்தனை மகிழ்ச்சி! நண்பரின் உறுதியும் மருமகனின் மகிழ்ச்சியும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றே நமக்குப் பட்டது. இருவருமே தராசைச் சோதிக்கவில்லை.

தராசு என்றதும் நம் அத்தாவின் நினைவு வருகிறது. கீழமாரட் வீதியில் தானியக் கடை வைத்திருந்தவர். புதிய தராசு வந்தால் அவர் செய்யும் முதல் வேலை, ஒரு தட்டில் படிக்கல்லையும் மறு தட்டில் சரக்கையும் வைத்து முள் நேர் நிற்கச் செய்வது. பிறகு கல்லைச் சரக்கு இருந்த தட்டிலும், சரக்கைக் கல் இருந்த தட்டிலும் மாற்றி வைப்பார். அப்போதும் முள் நேர் நின்றால்தான் அது தராசு. ஒரு புறக்கோல் நீண்டிருந்தால் முதல் நிறுவையில் தெரியாது. தட்டு மாற்றினால் காட்டிக்கொடுத்துவிடும். சரக்கு எண்ணெயாக இருந்தால் பாத்திரத்திற்குத் தடை கட்டியாக வேண்டும். தடையைக் கழிக்காமல் நிறுத்தவன் தராசைக் குறை கூறுவதில் பொருளில்லை. அளவையில் குறைப்பவர்களை எச்சரிக்கும் அத்தியாயம் ஒன்று திருமறையில் இருப்பதை அவர் அடிக்கடி நினைவூட்டுவார். ஆனால் அதனை ஓதிவிட்டுத் தராசைச் சோதிக்காமல் விட்டதில்லை.

லெப்டான் பொதுமையைச் சோதிப்பதும் இதே வேலைதான். மூவரின் எடை வேறுபடுவதால் முதலில் எடைக்குத் தடை கட்ட வேண்டும். அத்தடையைக் கணிப்பதற்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். அந்த விதியைத் தந்தவர்களில் ஒருவர் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பதில் நமக்கொரு பெருமை உண்டு. கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பிறந்த ஈ.சி.ஜி. சுதர்சன், 1957இல் தம் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். மெல்விசை இடக்கைப் பழக்கம் உடையது. அது தொடும் துகள்கள் பயணத் திசைக்கு இடப்புறமாகச் சுழல்பவையாகவே இருக்க விரும்புகிறது என்பதே அதன் சாரம்.

இதனால் ஒரு விந்தை விளைகிறது. பையான் சுழற்சியற்றது. அது சிதைந்து ஒரு லெப்டானும் ஒரு நியூட்ரினோவுமாகப் பிரியும்போது, இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. இரண்டின் சுழற்சியும் சேர்ந்தால் சுழி ஆக வேண்டும். நியூட்ரினோ தன் கையை மாற்றிக்கொள்ளாது. ஆதலால் விட்டுக்கொடுக்க வேண்டியவர் லெப்டான். தனக்குப் பழக்கமில்லாத கையால் சுழன்று பிறக்க வேண்டும். எடை மிகுந்த துகளுக்கு அது சற்று எளிது. எடையே இல்லாததற்கு அது முடியவே முடியாது. ஏறத்தாழ எடையற்ற எலெக்ட்ரான் அரும்பாடுபட்டே அவ்வாறு பிறக்கிறது. கணக்கிட்டால், பையான் எண்ணாயிரத்துச் சொச்சம் முறை மியூவானாகச் சிதைந்தால் ஒரு முறை எலெக்ட்ரானாகச் சிதைய வேண்டும்.

1957இல் அந்த ஒரு முறையை எவரும் கண்டதில்லை. தேடியவர்கள், இல்லை என்றே அறிவித்திருந்தனர். சுதர்சனும் மார்ஷக்கும் துணிந்து ஒன்று சொன்னார்கள்: தங்கள் கோட்பாட்டிற்கு எதிராக நிற்கும் நான்கு பரிசோதனைகளும் மீண்டும் செய்து பார்க்கப்பட வேண்டும் என்று. 1958இல் செர்ன் ஆய்வகம் பையானின் எலெக்ட்ரான் சிதைவைக் கண்டறிந்தது. பிற தடைகளும் ஒவ்வொன்றாக விலகின. 26 வயது இளைஞர் ஒருவர், நிறுத்தவர்களிடமே தட்டை மாற்றி நிறுக்கச் சொன்ன நிகழ்ச்சி அது. அவருக்கு நோபல் பரிசு கிட்டாமற் போனது பற்றி நெடிய வழக்கு உண்டு, அதை விட்டுவிடுவோம். பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் அவர் இருந்தார்.

எனவே எலெக்ட்ரானும் மியூவானும் பையான் என்னும் தராசில் நிறுக்கப்பட்டுவிட்டன. ஆயிரத்தில் ஓரிரு பங்குத் துல்லியத்திற்கு அங்கே பொதுமை நிலைநிற்கிறது. மூத்தவராகிய டௌவை என்ன செய்வது? பையானின் எடை டௌவின் எடையில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. குருவிக்கு ஆனைக் குட்டி பிறக்காது. டௌவையும் ஈனவல்ல கனத்த தாய் ஒன்று வேண்டும்.

அத்தாயை அளித்தது சார்ம் என்னும் குவார்க். வசீகரம் என்று பொருள்படும் இப்பெயர் வேடிக்கையாக இடப்பட்டதே. 1974 நவம்பரில் டிங், ரிக்டர் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்ட புதிய துகள், சார்ம் குவார்க்கும் அதன் எதிர்க் குவார்க்கும் சேர்ந்த இணை என்று தெரியவந்தது. 1976இல் ஒரே ஒரு சார்ம் குவார்க்கைச் சுமக்கும் டி மேசான் அகப்பட்டது. பின்னர் டி-எஸ் மேசானும் உறுதிப்பட்டது. டௌவின் எடையைவிட டி மேசானின் எடை சற்றே மிகுதி; டி-எஸ் அதனினும் சற்று மிகுதி. மூன்று உடன்பிறப்புகளையும் ஒரே தாய் ஈன்றெடுப்பதைப் பார்க்கும் வாய்ப்பு இங்கேதான் எளிமையாக அமைகிறது.

இந்தத் தராசின் அழகு என்னவெனில், இதில் எடை இரண்டு விதமாக வேலை செய்கிறது. பழக்கமில்லாத கையால் சுழல வேண்டிய கட்டாயம் இங்கும் உண்டு. டௌ பருத்தது ஆகையால் அவ்வகையில் மியூவானைவிட 283 மடங்கு வசதி அதற்கு. ஆனால் தாயின் எடை முழுவதும் பிள்ளையின் உடலாகவே போய்விடுவதால் ஓடுவதற்கு ஆற்றல் மிஞ்சுவதில்லை. டி-எஸ் மேசானில் இந்த நெருக்கடி டௌவின் வாய்ப்பை ஏறத்தாழ 29இல் ஒரு பங்காகக் குறைக்கிறது. டி மேசானில் இடம் இன்னும் குறுகல். அங்கே நூற்றில் ஒரு பங்குதான். ஒரு கை கொடுப்பதை மறு கை எடுத்துக்கொள்கிறது. முடிவில், டி-எஸ் மேசான் மியூவானாக ஒரு முறை சிதைந்தால் டௌவாக 9.75 முறை சிதைய வேண்டும். டி மேசானில் அது 2.67 முறை. மெல்விசை மூவரையும் சமமாக நடத்துமானால் இந்த எண்கள் மாறவே கூடாது. குவார்க்குகள் மேசானுக்குள் எப்படிக் கட்டுண்டு கிடக்கின்றன என்னும் கடினமான கணக்கு, இரு பக்கத்திற்கும் பொதுவாக இருப்பதால் வகுத்தலில் அடிபட்டுப்போகிறது. எஞ்சுவது தூய எடைக் கணக்கு மட்டுமே. இத்துணைச் சுத்தமான தடை வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

எண்ணுவது எப்படி? பீகிங் நகரில் எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிடும் ஒரு வளையம் உண்டு. அதன் நடுவே இருக்கும் உணர்கருவிக்கு பெஸ் மூன்று என்று பெயர். பல நாட்டு நிறுவனங்கள் கூடி நடத்தும் அவ்வாய்வில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. மோதலின் ஆற்றலை, ஓர் இணை டி மேசான்கள் மட்டும் பிறக்கும் அளவுக்குச் சரியாக வைக்கிறார்கள். வேறொன்று பிறக்க அங்கே மிச்சமில்லை. இணையில் ஒன்று சிதைந்து தந்த துணுக்குகள் அனைத்தையும் பொறுக்கிச் சேர்த்துவிட்டால், மற்றொன்று எங்கே, எந்த வேகத்தில் பிறந்தது என்பது தானே தெரிந்துவிடும். அந்த மற்றொன்றின் பக்கத்தில் ஒரு மியூவான் மட்டும் தென்பட்டுக் கணக்கில் சிறிது ஆற்றல் குறைந்தால், குறைந்ததை எடுத்துச் சென்றது நியூட்ரினோ. மொத்த வரவும் தெரிந்த பேரேட்டில் விடுபட்ட செலவைக் கண்டுபிடிப்பதுபோல. டௌவின் வழக்கில் சிக்கல் மிகுதி. அது பிறந்த உடனே தானும் சிதைந்து மேலும் நியூட்ரினோக்களை விடுவிக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கள்வர்கள் ஒரே பெட்டியில் கை வைத்தால் யார் எவ்வளவு எடுத்தார் என்று கூறுவது கடினம் அல்லவா?

இவ்வளவு இடர்ப்பாட்டிற்கிடையே அவர்கள் நிறுத்துச் சொன்ன விடை: டி-எஸ் மேசானில் 9.72; கூடினாலும் குறைந்தாலும் 0.37. கோட்பாடு கேட்டது 9.75. டி மேசான் டௌவாகச் சிதைவதை 2019இல் முதன்முறையாக உறுதிபட அறிவித்தபோது அவர்களிடம் இருந்தவை 137 நிகழ்ச்சிகளே. அதிலிருந்து வந்த விகிதம் 3.21. கோட்பாட்டின் 2.67ஐவிட மிகுதிதான், ஆனால் பிழை எல்லை அவ்வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தமையால் எவரும் முரசறையவில்லை. பின்னர் இதனினும் பன்மடங்கு மோதல்கள் திரட்டப்பட்டன.

எலெக்ட்ரானையும் மியூவானையும் ஒப்பிடுவதற்கு வேறொரு வழியும் உண்டு. டி மேசான் முழுவதும் அழியாமல், கேயான் என்னும் மற்றொரு மேசானை விட்டுவிட்டுச் சிதையும்போது கை மாற்றும் கட்டாயம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அங்கே இருவரும் ஏறத்தாழ சமம். மியூவானின் எடைக்காக நூற்றுக்கு இரண்டரை மட்டும் கழிய வேண்டும். கோட்பாடு சொன்னது 0.975. அளந்தது 0.974. முள் அசையவில்லை.

தங்கை மகன் கொண்டுவந்த செய்தி என்னவாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் அதே செர்ன் குழுவினர், அதே தரவை மீண்டும் ஒருமுறை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டனர். எலெக்ட்ரான் என்று எண்ணப்பட்டவற்றில் சில, எலெக்ட்ரான்போல் தோற்றமளித்த வேறு துகள்கள். அவற்றைக் கழித்ததும் நூறும் எண்பத்தைந்தும் ஏறத்தாழ நூறும் நூறுமாகிவிட்டன. தராசில் கோளாறு இல்லை. தடை சரியாகக் கட்டப்படவில்லை. தாங்கள் உலகறியச் சொன்னதைத் தாங்களே திருத்தி எழுதியவர்களைப் பற்றி நம் மேடைகளில் எவரும் பேசியதாகத் தெரியவில்லை. நாம் அவர்களைப் பெரிதும் மதிக்கிறோம்.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2012இல் அமெரிக்காவின் பாபர் குழுவினர், பி மேசான்கள் டி மேசானை விட்டுச் சிதையும்போது டௌ எதிர்பார்த்ததைவிட மிகுதியாகத் தோன்றுகிறது என்றனர். ஜப்பானின் பெல் குழுவும் செர்ன் குழுவும் அதனை அளந்தன. மிகுதி சற்றுக் குறைந்தது; ஆனால் மறையவில்லை. இன்றும் அது தீர்க்கப்படாத வழக்கு. பி மேசானில் டௌவுக்குச் சலுகை உண்டு எனில் சார்ம் மேசானில் ஏன் இல்லை? இல்லையா, அல்லது நம் தராசின் முள் இன்னும் அவ்வளவு நுண்மையானது அன்றா? டி மேசானின் டௌ விகிதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் ஐயம் உள்ளவரை இக்கேள்விக்கு விடையில்லை. நண்பரும் மருமகனும் இன்னும் சிறிது காலம் பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

போடியின் கதைக்கு வருவோம். மியூவானோடு பிறக்கும் நியூட்ரினோவை மண்ணுக்குள் இருந்து பிடிப்பதில் நம் நாட்டிற்கு முன்னோடி வரலாறு உண்டு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்கள் கண்டனர். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் மற்றொரு குழு கண்டதும் அதே ஆண்டுதான். சுரங்கம் மூடப்பட்ட பின் புதிய இடம் தேடப்பட்டது. நீலகிரியின் சிங்காரா யானைகளின் வழித்தடம் என்பதால் 2009இல் கைவிடப்பட்டது. அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு இசைவளித்தது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு மதுரைக்கும் வந்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அளித்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்து நின்றது. மலை குடையப்படவில்லை.

அந்த வழக்குகள் சூடாக இருந்த நாட்களில் மதுரையிலிருந்து போடிக்குச் செல்லும் பேருந்து உசிலம்பட்டியில் நின்றபோது, தேநீர்க் கடையில் ஒரு முதிய விவசாயி நம்மிடம் கேட்டார்: "ஏன் பாய், அந்தத் துகளு கெணத்துத் தண்ணியில கலந்துருச்சுன்னா மாடு கன்னு குடிக்குமா?" ஒரு விரல் நகத்தின் வழியே சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் வினாடிக்கு 6,500 கோடி செல்கின்றன, இப்போதும் உங்களையும் என்னையும் ஊடுருவிக்கொண்டுதான் இருக்கின்றன, மாட்டையும் கன்றையும்கூட என்றோம். அவர் சற்று நேரம் தம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சரிங்க பாய். துகளு ஒண்ணும் செய்யாது. மலையில வைக்கிற வெடி ஒண்ணும் செய்யாதா?"

முதல் கேள்விக்கு இயற்பியல் விடை சொல்லும். இரண்டாம் கேள்விக்குப் பாறையையும் நீரூற்றையும் அளந்தவர்கள்தாம் விடை சொல்ல வேண்டும். அந்த அளவையைக் கிராமத்தார் கண்முன்னே தட்டு மாற்றிக் காட்டவும் வேண்டும். நியூட்ரினோவைக் குண்டு என்று மேடையில் சொன்னவர்கள் மக்களை ஏய்த்தார்கள் என்பதே நம் கருத்து. எங்களை நம்புங்கள் என்று மட்டும் சொன்னவர்களும் அந்த முதியவரைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவர் அவர்.

ஐம்பதாயிரம் டன் இரும்பு வராமற் போனது. சார்ம் மேசான்களின் கணக்கோ வேறு திசையில் நடந்துகொண்டிருக்கிறது. பீகிங் வளையத்தில் டி மேசான் இணைகளுக்கென 2010, 2011 ஆண்டுகளில் திரட்டிய தரவைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு, 2024ஆம் ஆண்டுக்குள் சேர்ந்துவிட்டது. டௌவின் விகிதம் அதிலிருந்து இன்னும் கூர்மையாக வெளிப்படும். மூன்று உடன்பிறப்புகளில் இளையவராகிய எலெக்ட்ரானின் தட்டு மட்டும் இதுவரை வெறுமையாகவே இருக்கிறது. டி-எஸ் மேசான் நேராக எலெக்ட்ரானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைவதை எவரும் கண்டதில்லை. பொதுமை உண்மையாயின் அது எண்பது லட்சத்தில் ஒரு முறை நிகழ வேண்டும். இன்றுள்ள கருவிகளால் தேட முடிந்த எல்லையோ பன்னிரண்டாயிரத்தில் ஒன்று. அந்த எல்லைக்குள் ஒன்று தென்பட்டாலும் அது கோட்பாட்டின் வழியே வந்ததாக இருக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முறை புதிய தரவு சேரும்போதும் அந்த வெற்றுத் தட்டை மறுபடியும் எடுத்துப் பார்க்கிறார்கள்.